முகூர்த்தப் பட்டும் வைகாசி வெக்கையும்

சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடல்கூட ஏறக்குறைய 100 வாட் வெப்பத்தை விடாமல் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. ஐந்நூறு பேர் கூடியிருக்கும் கல்யாண மண்டபத்தில் இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். மொத்தம் 50 கிலோவாட். ஒன்றரை டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடினால் சுமார் 5 கிலோவாட் வெப்பத்தை அகற்றும். ஆக, அடுப்பங்கரையையும் மேடை விளக்குகளையும் கூரைமேல் காயும் வெயிலையும் கணக்கில் சேர்க்காமலே, வந்திருக்கும் உறவினர்களின் உடல் வெப்பத்தை அகற்ற மட்டும் பத்து ஏசிகள் வேண்டும்.

ஏசி இல்லாத மண்டபமாக இருந்தால் அந்த வேலை முழுவதும் அவரவர் தோலின்மேல் விழுகிறது. தோலை மூடியிருப்பதோ பட்டுப்புடவை, லைனிங் வைத்த பிளவுஸ், பட்டு வேட்டி, கோட், டை. வைகாசி மாதத்து முகூர்த்தத்தில் மணமகளின் நெற்றியில் ஒருவர் ஓயாமல் கைக்குட்டையால் ஒற்றிக்கொண்டே இருப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். "கல்யாணம்னா கொஞ்சம் வேர்க்கத்தான் செய்யும்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வேர்ப்பது நல்லதுதான். வேர்வை காயாமல் போவதுதான் சிக்கல். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த ஒரு வேறுபாட்டைப் பற்றியது.

வேர்வை செய்யும் வேலை

உடலிலிருந்து வெப்பம் வெளியேற நான்கு வழிகள் உண்டு. நாற்காலியைத் தொட்டால் கடத்தல். காற்று வீசினால் சலனம். தோலிலிருந்து சுற்றியுள்ள சுவர்களை நோக்கிக் கதிர்வீச்சு. நான்காவது, வேர்வை ஆவியாதல்.

முதல் மூன்றுக்கும் ஒரு நிபந்தனை இருக்கிறது. சுற்றுப்புறம் தோலைவிடக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். நம் தோலின் வெப்பநிலை வெயில் காலத்தில் 35 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். காற்றும் 35 டிகிரியைத் தொட்டுவிட்டால் அந்த மூன்று வாசல்களும் அடைபட்டுவிடும். அதற்கு மேல் போனால் வெப்பம் எதிர்த்திசையில் உடலுக்குள் நுழையும். அப்போது மிஞ்சுவது வேர்வை மட்டுமே.

அந்த ஒரு வழியே போதும் என்னும் அளவுக்கு மனித உடல் அதில் தேர்ந்தது. நம் தோலில் 20 லட்சம் முதல் 40 லட்சம் வரை வேர்வைச் சுரப்பிகள் இருக்கின்றன. ஒரு கிராம் வேர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 2,400 ஜூல் வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதே விதிப்படிதான். பானையின் நுண்துளை வழியே கசியும் நீர் வெளிப்புறத்தில் ஆவியாகி உள்ளிருக்கும் நீரின் வெப்பத்தைக் குறைக்கிறது.

ஒரு மணமகளுக்கு மணிக்கு அரை லிட்டர் வேர்க்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது முழுவதும் ஆவியானால் 330 வாட்டுக்கு மேல் குளிர்ச்சி கிடைக்கும். அவர் உடல் உண்டாக்கும் வெப்பத்தைப் போல அது மும்மடங்கு. ஆனால் அந்த வேர்வை பிளவுஸின் லைனிங்கில் ஊறினாலோ, முதுகில் வழிந்து உள்பாவாடையின் நாடாவில் தேங்கினாலோ, கைக்குட்டையில் ஒற்றி எடுக்கப்பட்டாலோ, உடலுக்கு அதனால் பயன் மிகக் குறைவு. நீரும் உப்பும் போகும், வெப்பம் போகாது. உடல் இன்னும் வேர்க்கும்.

இதில் ஒரு விதிவிலக்கு நம் உள்ளங்கை. அங்கே சுரப்பிகள் நெருக்கமாக இருக்கின்றன. ஆனால் அவை வெப்பத்தைவிட மனக்கிளர்ச்சிக்கே அதிகம் கட்டுப்படுகின்றன. மாப்பிள்ளை பெண்ணின் கையைப் பற்றும் நேரத்தில் இரு கைகளும் ஈரமாக இருந்தால் அதற்கு வெயிலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

சென்னையின் 32, மதுரையின் 38

வேர்வை எவ்வளவு வேகமாகக் காயும் என்பதைத் தீர்மானிப்பது தோலின் மேல் உள்ள நீராவி அழுத்தத்துக்கும் காற்றிலுள்ள நீராவி அழுத்தத்துக்கும் இடையிலான வித்தியாசம். 35 டிகிரியில் நனைந்த தோலின் மேல் நீராவி அழுத்தம் 5.6 கிலோபாஸ்கல்.

இரண்டு மண்டபங்களை எடுத்துக்கொள்வோம். ஒன்று சென்னையில், கடலிலிருந்து சற்றுத் தொலைவில். காற்று 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம். அந்தக் காற்றின் நீராவி அழுத்தம் 3.6 கிலோபாஸ்கல். தோலுக்கும் காற்றுக்கும் வித்தியாசம் 2. மற்றொன்று மதுரையில், பிற்பகலில். காற்று 38 டிகிரி, ஈரப்பதம் 30 சதவீதம். நீராவி அழுத்தம் 2 கிலோபாஸ்கல்தான். வித்தியாசம் 3.6. அதாவது ஆறு டிகிரி கூடுதலான மதுரையில் வேர்வை ஏறக்குறைய ஒன்றே முக்கால் மடங்கு வேகமாகக் காய முடியும். சூடான காற்றிலிருந்து உடலுக்குள் வரும் வெப்பத்தைக் கழித்துப் பார்த்தாலும் மதுரைக் காற்றின் குளிர்விக்கும் திறன் சென்னைக் காற்றைவிட ஒன்றரை மடங்கு இருக்கும்.

இதை ஒரே எண்ணில் சொல்ல ஈரக்குமிழ் வெப்பநிலை உதவுகிறது. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால் அது காட்டும் அளவு அது. மேற்சொன்ன மதுரைக்கு அது 24 டிகிரி. சென்னைக்கு 28. ஈரக்குமிழ் அளவு 35 டிகிரியைத் தொட்டால் மனித உடலால் வெப்பத்தை வெளியேற்றவே முடியாது என்று ஷெர்வுட், ஹூபர் இருவரும் 2010-ல் கணக்கிட்டார்கள். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இளைஞர்களை வெப்ப அறைகளில் வைத்துச் சோதித்து 2022-ல் வெளியிட்ட முடிவு இன்னும் கவலை தருவது. ஈரம் மிகுந்த சூழலில் ஈரக்குமிழ் அளவு 30, 31 டிகிரியாக இருக்கும்போதே ஆரோக்கியமான இளைஞர்களின் உடல் வெப்பம் கட்டுக்கடங்காமல் ஏறத் தொடங்குகிறது. அந்த இளைஞர்கள் அணிந்திருந்தவை மெல்லிய உடைகள். அவர்கள்மேல் ஜரிகைப் பட்டும் ஒட்டியாணமும் இல்லை.

ஆகவே கடலோர ஊர்க் கல்யாணத்துக்கும் உள்நாட்டு ஊர்க் கல்யாணத்துக்கும் உடை யோசனை ஒன்றாக இருக்க முடியாது. மதுரையிலும் திருச்சியிலும் நிழலும் தண்ணீரும் இருந்தால் உடல் சமாளித்துக்கொள்ளும். சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் தூத்துக்குடியிலும் காற்றோட்டம்தான் உயிர்நாடி.

உடைக்கு ஓர் அளவுகோல்

உடை எவ்வளவு வெப்பத்தைத் தடுக்கிறது என்பதை அளக்க 1941-ல் காகி, பர்ட்டன், பேஸட் என்ற மூவர் ஓர் அலகை உருவாக்கினார்கள். அதன் பெயர் குளோ. 21 டிகிரி அறையில், ஈரப்பதம் குறைவாக, காற்று அசையாமல் இருக்கும்போது, சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரைச் சுகமாக வைத்திருக்கும் உடை 1 குளோ. சட்டை, உள்கோட்டு, கோட், பேண்ட் சேர்ந்த முழு சூட் ஏறத்தாழ அந்த அளவுதான். கோடைக்கால மெல்லிய உடை 0.5 குளோ.

இந்த வரையறையிலேயே ஒரு வரலாறு இருக்கிறது. 21 டிகிரி என்பது இங்கிலாந்துக்கும் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் உரிய அறை வெப்பநிலை. கோட் சூட் பிறந்தது அந்தக் குளிரில், கம்பளித் துணியில், உடல் வெப்பத்தைப் பிடித்து வைக்கும் நோக்கத்தில். அது தன் வேலையை இன்றும் செவ்வனே செய்கிறது. நாம் அதைச் சென்னையில் செய்யச் சொல்கிறோம்.

குளோ அளவு 0.1 கூடினால் அதே சுகத்துக்கு அறையின் வெப்பநிலையை அரை டிகிரிக்குச் சற்று மேல் குறைக்க வேண்டும் என்பது கட்டடப் பொறியாளர்களின் கணக்கு. சட்டை வேட்டிக்கும் முழு சூட்டுக்கும் உள்ள அரை குளோ வித்தியாசம் மூன்று டிகிரியாகிறது. ஏசியின் அளவை ஒரு டிகிரி கூட்டி வைத்தால் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்று இந்திய எரிசக்தித் திறன் செயலகம் 2018-ல் அறிவுறுத்தியது. மேடையில் நிற்கும் ஒருவரின் கோட்டுக்காக மண்டபம் முழுவதையும் குளிர்விக்கும் கல்யாணச் செலவு எங்கே போகிறது என்று இப்போது தெரியும்.

புடவைக்கும் குளோ உண்டு. மாதவி இந்திரகந்தியும் கலிபோர்னியாவின் பெர்க்லி ஆய்வாளர்களும் வெப்பமூட்டிய மனித உருவப் பொம்மைகளுக்குப் புடவை கட்டி இதை அளந்தார்கள். ஒரே புடவையைக் கட்டும் விதத்தை மாற்றினாலே அதன் வெப்பத்தடை கணிசமாக மாறுவதை அவர்கள் கண்டார்கள். முந்தானையைத் தோளில் ஒற்றையாக விட்டால் ஒரு அளவு, மடித்துப் போர்த்திக்கொண்டால் வேறு அளவு. தைத்த உடையில் இந்த வசதி கிடையாது. கோட்டைக் கழற்றலாம், அல்லது போட்டுக்கொள்ளலாம். நடுவில் வேறு நிலை இல்லை.

பட்டு நூல் ஏன் வேறு

பட்டு என்றாலே சூடு என்ற எண்ணம் பரவலாக உண்டு. நூலளவில் பார்த்தால் அது உண்மையில்லை. பட்டுப்புழு சுரக்கும் இழையில் ஃபைப்ராயின், செரிசின் என்று இரு புரதங்கள். பட்டைக் காய்ச்சிப் பசை நீக்கும்போது செரிசின் போய்விடுகிறது. எடையில் நான்கில் ஒரு பங்கு வரை குறைந்து, பளபளப்பும் மென்மையும் வருகின்றன. மிஞ்சும் ஃபைப்ராயின் நீராவியை நன்றாக உள்வாங்கக் கூடியது. சோதனைக்கூட நிலையில், அதாவது 65 சதவீத ஈரப்பதத்தில், பட்டு தன் எடையில் 11 சதவீதம் ஈரத்தைப் பிடிக்கிறது. பருத்தி 7 முதல் 8.5 சதவீதம். பாலியெஸ்டர் 0.4 சதவீதம் மட்டுமே.

தோலிலிருந்து எழும் நீராவி பட்டு இழைக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேற வழி இருக்கிறது. பாலியெஸ்டரில் நூலிடைத் துளைகள் மட்டுமே வழி. அதனால்தான் கடையில் பட்டின் சாயலில் தொங்கும் செயற்கைப் புடவை, எடை குறைவாக இருந்தும், உடுத்திய பத்தாவது நிமிடத்தில் கசகசக்கத் தொடங்குகிறது. விளையாட்டு வீரர்களின் பாலியெஸ்டர் பனியன் வேறு விதமாக நெய்யப்படுவது. வேர்வையை இழுத்துப் பரப்ப அதில் தனி ஏற்பாடு உண்டு. புடவைத் துணியில் அது கிடையாது.

பட்டுக்கு ஒரு குறையும் இருக்கிறது. நீராவியை உள்வாங்கும் எந்த நூலும் அந்த நேரத்தில் சிறிது வெப்பத்தை வெளியிடும். ஏசி காரில் உலர்ந்திருந்த பட்டுப்புடவையோடு மண்டபத்தின் ஈரக்காற்றுக்குள் இறங்கினால், முதல் சில நிமிடங்கள் புடவையே உடலைச் சுடுவதாகத் தோன்றும். புடவை காற்றோடு சமநிலைக்கு வந்ததும் அது அடங்கிவிடும்.

அப்படியானால் காஞ்சிபுரப் பட்டு ஏன் வேர்க்க வைக்கிறது? நூலைத் தாண்டி நெசவையும் ஜரிகையையும் பார்க்க வேண்டும். பட்டு நூலின் மேல் தட்டையான வெள்ளிக் கம்பியைச் சுற்றித் தங்க முலாம் பூசுவது அசல் ஜரிகை. அதன் எடையில் பாதிக்கு மேல் வெள்ளி. தங்கம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. உலோகம் நீராவியை உள்வாங்காது. ஜரிகை நெருங்க நெருங்கத் துணியின் துளைகள் அடைபடும். பளபளக்கும் உலோகப் பரப்பு வெப்பக் கதிர்களையும் குறைவாகவே வெளியிடும். ஆகவே உடல் முழுதும் ஜரிகை போட்ட புடவையும், கரையிலும் முந்தானையிலும் மட்டும் ஜரிகை உள்ள புடவையும் ஒரே விலையில் இருந்தாலும் உடலுக்கு ஒன்றல்ல.

காஞ்சிபுரத்தின் கோர்வை நெசவு இதற்கு அழகான விடை வைத்திருக்கிறது. உடலையும் கரையையும் தனித்தனியாக நெய்து பூட்டுவது அந்த முறை. கரை எவ்வளவு கனமாக இருந்தாலும் உடல் பகுதியை மெல்லியதாக வைக்க முடியும். மயிலாடுதுறையை ஒட்டிய கூறைநாட்டு நெசவாளர்கள் இன்னொரு விடை கண்டார்கள். பட்டும் பருத்தியும் கலந்து, கட்டம் போட்டு நெய்தார்கள். தாலி கட்டும் நேரத்துக்கான கூறைப்புடவை மரபில் அந்த ஊரின் பெயர் நிலைத்திருக்கிறது. காவிரிக் கழிமுகத்தின் புழுக்கத்தில் வாழ்ந்தவர்கள் செய்த தேர்வு அது.

கொசுவமும் பிளவுஸும்

புடவையில் வெப்பம் எங்கே தேங்குகிறது என்று தேடினால் முதலில் கிடைப்பது வயிற்றின் முன்பக்கம். ஆறேழு மடிப்புக் கொசுவம் என்றால் அங்கே பன்னிரண்டு, பதினான்கு அடுக்குத் துணி. அதன் கீழே உள்பாவாடையின் மடிப்பு, நாடா. அதன் மேல் ஒட்டியாணம். காற்று நுழைய இம்மியும் இடமில்லை. கால்களின் பக்கமோ நிலைமை நேர்மாறு. அங்கே துணி அகலமாகத் தொங்குகிறது. நடக்கும்போது ஒவ்வொரு அடியும் உள்ளிருக்கும் ஈரக்காற்றை வெளியே தள்ளிப் புதுக்காற்றை இழுக்கிறது.

தளர்ந்த உடையின் இந்தக் காற்றோட்டம் எவ்வளவு வலிமையானது என்பதை 1980-ல் ‘நேச்சர்’ இதழில் வெளிவந்த ஓர் ஆய்வு காட்டியது. பாலைவனத்தில் பெதுவின் மக்கள் ஏன் கறுப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஷ்கால்னிக்கும் அவர் தோழர்களும் ஆராய்ந்தார்கள். கறுப்பு அங்கி வெள்ளை அங்கியைவிட அதிக வெயிலை உறிஞ்சியது உண்மை. ஆனால் தோலை வந்தடைந்த வெப்பம் இரண்டிலும் ஒன்றாகவே இருந்தது. துணிக்கும் தோலுக்கும் இடையில் ஓடிய காற்று மிகுதி வெப்பத்தை வழியிலேயே கொண்டுபோய்விட்டது. உடையின் நிறத்தைவிட அதன் தளர்ச்சி முக்கியம் என்பது அதன் பாடம். கூரைக்குக் கீழே நடக்கும் முகூர்த்தத்தில் நிறத்துக்கு வேலையே இல்லை. அரக்கோ, மாம்பழ மஞ்சளோ, மயில் கழுத்தோ, மனத்துக்குப் பிடித்ததை எடுக்கலாம்.

தளர்ச்சிக்கு முழு எதிரி இன்றைய கல்யாண பிளவுஸ். உடலை ஒட்டித் தைப்பது, உள்ளே கப் வைப்பது, முழங்கை வரை கை, முதுகு நிறைய ஆரி வேலை. ஆரி வேலையின் பின்பக்கம் உறுத்தாமல் இருக்க லைனிங் கட்டாயம். அந்த லைனிங் பல நேரங்களில் வழுவழுப்பான செயற்கைத் துணி. வேர்வைச் சுரப்பிகள் மும்முரமாக வேலை செய்யும் முதுகும் அக்குளும் இப்படி நீராவி புகாத உறைக்குள் அடைபடுகின்றன. சுரப்பியின் வாய் ஈரத்தில் ஊறி அடைத்துக்கொண்டால் வேர்க்குரு வரும்.

இதற்குத் தீர்வு தையற்கடையிலேயே இருக்கிறது. லைனிங்குக்கு மெல்லிய பருத்தி மல் துணி கேளுங்கள். ஆரி வேலையைக் கையிலும் கழுத்தோரத்திலும் நிறுத்தி, முதுகைத் தாழ்வாக வெட்டச் சொல்லுங்கள். அக்குளில் அரை அங்குலமாவது தளர்ச்சி வேண்டும். உள்பாவாடை சாட்டினில் இருந்தால் புடவை வழுக்கி விழுந்து அழகாகத் தெரியும் என்பார்கள். பருத்தியில் இருந்தால் உடல் நன்றி சொல்லும். புகைப்படத்தில் இவற்றுள் எதுவும் தெரியப்போவதில்லை. பட்டின் பெருமை வெளி அடுக்கில் இருக்கிறது. வெக்கை உள் அடுக்குகளில் இருக்கிறது. இரண்டையும் தனித்தனியாகத் தீர்மானிக்க முடியும் என்பதே இந்த அத்தியாயம் சொல்ல வந்த செய்தி.

வேட்டியும் கோட்டும்

எட்டு முழ வேட்டி தைக்கப்படாத துணி. இடுப்பில் ஒரு சுற்று இறுக்கம், அதற்குக் கீழே முழுக்கக் காற்று. சடங்கில் மாப்பிள்ளை மேலுடம்பில் அங்கவஸ்திரத்தோடு மட்டும் உட்காரும் வழக்கம் உள்ள குடும்பங்களில், உடலின் மிகப் பெரிய ஆவியாகும் பரப்புகளான மார்பும் முதுகும் திறந்தே இருக்கின்றன. ஹோம நெருப்புக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்காரும் ஒருவருக்கு இதைவிடப் பொருத்தமான முறையான உடையை ஒரு வெப்பவியல் அறிஞர் உட்கார்ந்து வடிவமைத்தாலும் உருவாக்க முடியாது.

மாலை ரிசப்ஷனில் அதே மாப்பிள்ளை சூட்டுக்குள் நுழைகிறார். கோட்டின் உட்புறம் பாலியெஸ்டர் லைனிங். தோளிலும் மார்பிலும் விறைப்புக்காக ஒட்டிய அடுக்குகள். கழுத்தை மூடும் காலரும் டையும். உடலைச் சுற்றி எழும் சூடான காற்று மேலே போய் வெளியேறும் வழி கழுத்துதான். டை அந்த வழியை அடைக்கிறது. வரிசையில் வரும் நூற்றுக்கணக்கானவர்களுக்குக் கைகுலுக்கி, மேடை விளக்கின் கீழ் மூன்று மணி நேரம் நிற்க வேண்டும்.

வெப்ப நாடுகள் பல இந்தக் கேள்விக்குத் தங்கள் விடையைக் கண்டுவிட்டன. பிலிப்பைன்ஸில் அன்னாசி இலை நாரில் நெய்த, உள்ளே காற்று ஓடும் பரோங் சட்டையில்தான் மாப்பிள்ளைகள் மணமேடை ஏறுகிறார்கள். கியூபா 2010-ல் குவாயபேரா சட்டையை அரசு விழாக்களுக்கான முறையான உடையாக அறிவித்தது. இந்தோனேசியாவில் முழுக்கை பாத்திக் சட்டை எந்தச் சபைக்கும் ஏற்றது. மிதவெப்ப நாடான ஜப்பானில்கூட 2005-ல் கோடையில் கோட்டையும் டையையும் விடச் சொல்லி, அலுவலக ஏசியை 28 டிகிரியில் வைக்கும் இயக்கத்தை அரசே தொடங்கியது.

தமிழ்நாட்டில் 2014-ல் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் சென்னையில் ஒரு மன்றத்தின் நிகழ்ச்சிக்குள் அனுமதிக்கப்படவில்லை. அதே ஆண்டு சட்டமன்றம் கூடி, வேட்டி அணிந்தவரைப் பொது இடங்களில் தடுப்பதைக் குற்றமாக்கும் சட்டத்தை நிறைவேற்றியது. சட்டம் மரியாதைக்காக வந்தது. வெப்பவியலும் அதே பக்கம்தான் நிற்கிறது.

ரிசப்ஷனுக்குக் கோட்தான் வேண்டும் என்று மாப்பிள்ளை ஆசைப்பட்டால் அதையும் மதிக்கலாம். முதுகில் லைனிங் இல்லாமல் தைக்கச் சொல்லுங்கள். பாலியெஸ்டர் கலப்பை விட்டு, மெல்லிய கம்பளியோ லினனோ எடுங்கள். உள்ளே பருத்திச் சட்டை. படம் எடுத்து முடித்ததும் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட யாரும் தயங்க வேண்டாம்.

அக்கினிக்கு முன்னால்

ஹோம குண்டம் கதிர்வீச்சால் சுடுகிறது. காற்றைச் சூடாக்கும்வரை அது காத்திருப்பதில்லை. முகம், கை, முழங்கால் என்று நெருப்பைப் பார்த்திருக்கும் பரப்பெல்லாம் நேரே வெப்பத்தை வாங்குகின்றன. மின்விசிறி ஓடினாலும் இது குறையாது. தொலைவு கூடினால்தான் குறையும். அதுவும் வேகமாகக் குறையும். குண்டத்தை ஒரு முழம் தள்ளி வைக்கச் சொல்வது சாத்திரத்துக்கு விரோதமாகாது.

இங்கே துணியின் தேர்வு பாதுகாப்பையும் தொடுகிறது. பாலியெஸ்டர் 250 டிகிரியைத் தாண்டியதும் உருகித் தோலில் ஒட்டும். அந்தக் காயம் ஆழமானது. பட்டு உருகாது, கருகும்; தீயை எளிதில் பரவவிடாது. பருத்தி உருகாவிட்டாலும் விரைவில் தீப்பற்றும். எந்தத் துணியானாலும் தொங்கும் முந்தானையை முன்னால் இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வதும், நெய் ஊற்றும் கையில் அங்கவஸ்திரம் புரளாமல் பார்த்துக்கொள்வதும் அவசியம். சின்னப் பெண்களுக்குப் பட்டுப்பாவாடைக்கு அடியில் விறைப்பான நெட் துணி வைத்துத் தைக்கிறார்கள். அவர்களை நெருப்புக்கு அருகில் விடவே கூடாது.

உடம்பின் பக்கத்துக் கணக்கு

மணமகள் காலையிலிருந்து தண்ணீர் குடிப்பதைத் தவிர்ப்பது பல குடும்பங்களில் நடக்கிறது. கட்டிய புடவையோடு கழிப்பறைக்குப் போவது கடினம் என்பதுதான் காரணம். மணிக்கு அரை லிட்டர் வேர்க்கும் உடலுக்கு மூன்று மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் இழப்பு. இதற்கிடையே வெப்பத்தை வெளியேற்ற ரத்தம் தோலுக்குத் திருப்பிவிடப்படுகிறது. நின்றுகொண்டே இருந்தால் கால்களிலும் தேங்குகிறது. மூளைக்குப் போகும் ரத்தம் குறைந்தால் மயக்கம். இதைக் கண் திருஷ்டி என்று கற்பூரம் சுற்றிக் கழிப்பவர்கள், முதலில் பெண்ணைப் படுக்க வைத்துக் காலைச் சற்று உயர்த்தி, தெளிந்ததும் நீர்மோர் கொடுக்கட்டும். பானகம், இளநீர், உப்பிட்ட மோர் மூன்றும் நீரோடு உப்பையோ சர்க்கரையையோ சேர்த்துத் தருபவை. தோழிப்பெண் ஒருவர் ஸ்ட்ரா போட்ட டம்ளரோடு அரை மணிக்கு ஒருமுறை வந்தால் உதட்டுச் சாயமும் கலையாது.

லண்டனிலிருந்தும் டொரான்டோவிலிருந்தும் வரும் உறவினர்கள் இன்னொரு வகையில் சிரமப்படுவார்கள். வெப்பத்துக்கு உடல் பழக ஒன்று முதல் இரண்டு வாரம் ஆகும். பழகிய உடல் சீக்கிரமே வேர்க்கத் தொடங்கும், அதிகம் வேர்க்கும், உப்பைக் குறைவாக இழக்கும். முந்தைய நாள் விமானத்தில் இறங்கியவருக்கு அந்த வசதி இல்லை. முதியவர்களுக்கு வேர்வை குறைவு. ரத்த அழுத்தத்துக்கு நீர் பிரியும் மாத்திரை எடுப்பவர்களுக்கு ஆபத்து கூடுதல். வெயிலில் இருந்த ஒருவர் குழறிப் பேசினாலோ, இடம் புரியாமல் விழித்தாலோ, அது வெப்பவாதமாக இருக்கலாம். பட்டு வீணாகுமே என்று ஒரு நொடி யோசிக்காமல் உடையைத் தளர்த்தி, உடல் முழுதும் தண்ணீர் ஊற்றி, விசிறி, மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

நம் கல்யாண முறையில் வெப்பத்துக்கான அறிவு ஏற்கெனவே கலந்திருக்கிறது. வாசலில் பன்னீர் தெளித்துச் சந்தனம் கொடுப்பது தோலில் ஆவியாகும் ஈரத்தை வைப்பது. காசியாத்திரை போகும் மாப்பிள்ளையின் கையில் குடையும் விசிறியும் தருகிறார்கள். விடிகாலை முகூர்த்தம் நாளின் மிகக் குறைந்த வெப்பநிலையில் சடங்கை முடிக்கிறது. பந்தல் நாலு பக்கமும் திறந்திருந்தது. இவற்றில் பலவற்றை விட்டுவிட்டு, வெக்கையைக் கூட்டும் வழக்கங்களைச் சேர்த்துக்கொண்டது அண்மைக் காலத்து மாற்றம்.

கல்யாணம் முடிந்த பின் பட்டுக்கும் ஒரு கடமை பாக்கி. வேர்வையின் உப்பு பட்டு இழையை நலிவாக்கும், சாயத்தைக் கெடுக்கும். வேர்வையிலும் காற்றிலும் உள்ள கந்தகம் வெள்ளி ஜரிகையைக் கறுக்க வைக்கும். கழற்றியதும் மடித்துப் பெட்டியில் வைக்காமல் ஓரிரவு நிழலில், காற்றோட்டத்தில் விரித்துப் போடுங்கள். சென்ட்டை ஜரிகையின் மேல் அடிக்காதீர்கள்.

உங்கள் வீட்டில் அடுத்த கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்கப் போகும்போது, விலையும் நிறமும் பேசி முடித்தபின் ஒவ்வொரு உடைக்கும் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: காற்று இதற்குள் எங்கே நுழையும்? வேர்வை எங்கே வெளியேறும்? விடை கிடைக்காத உடையை மணமக்களுக்கு எடுக்காதீர்கள். முகூர்த்தத்தைக் காலையில் வையுங்கள். அழைப்பிதழில் "வேட்டி சட்டை, பருத்திப் புடவையில் வரலாம்" என்று ஒரு வரி சேருங்கள். வந்தவர்கள் எல்லோரும் மயங்காமல், வாடாமல் உட்கார்ந்து அட்சதை தூவிவிட்டுப் போவதே மணமக்களுக்குப் பெரிய ஆசீர்வாதம்.